இரண்டு நாற்பத்தொன்றுக்கு ஓடிய இஸ்திரிப் பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, என் மகன், மருமகள், என் தம்பி. சாமான் ஏற்ற வந்த வேன் வாசலில் நின்றது. அதன் டிரைவர் இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர் கூடத்தில் இல்லை. அவர் தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டுக்கும் எங்கள் கூடத்துக்கும் நாற்பது அடி. நடுவில் வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே இன்று அவர் தெருவில் சொல்லிவருவதை எந்தக் காதால் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. கூடத்தில் இருந்தவன் என்ற முறையில் நடந்ததை நான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு ஃபியூஸ். தண்ணீர் காயவைக்கும் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினால் அது எரிந்துபோகும். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, கம்பி மாற்றி, இறங்கும்வரை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒரு விதி செய்தார். சூடாகும் சாமான் எதைப் போட்டாலும் உரக்கச் சொல்ல வேண்டும். யாராவது 'போடு' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் சுவிட்சில் விரலை அழுத்தக் கூடாது.

வயரிங் மாற்றிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இப்போது நான்கு ஹீட்டர் ஒன்றாக ஓடினாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் விதி அப்படியே இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கிறவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். யாராவது வரும்வரை காத்திருப்பார். நான் காத்திருந்திருக்கிறேன். என் தம்பி ஒருமுறை வெளியூர் லாட்ஜில் குளியலறைக்குள் நின்று, "கெய்சர் போடுறேன்!" என்று குரல் கொடுத்தான். பக்கத்து அறைக்காரர் பதறிப்போய், "போடுங்க சார், போடுங்க" என்றாராம். தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சொல்லாமல் சுவிட்ச் போடுகிறவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது என்பதுதான் எங்கள் பெருமை.

மருமகள் வந்து மூன்று வருடம் ஆகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறுக்குப் போய் ஒன்றரைக்கு வந்துவிடுவாள். வந்த புதிதில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரே மாதத்தில் பழகிக்கொண்டாள். நாங்களெல்லாம் 'போடு' என்று ஆணி அடிப்பதுபோலச் சொல்வோம். அவள் மட்டும், "ம்... போடுங்க" என்பாள். குழந்தையைத் தொட்டிலில் போடச் சொல்வதுபோல இருக்கும்.

என் மகன் வீட்டுச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் சோதனைக்கூடத்தில் இருக்கிறான். எந்தச் சாமான் எப்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளப்பது அவன் வேலை. புதிதாக வந்த சின்ன மீட்டர்களைச் சில வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தான். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் மீட்டரைச் செருகி, மீட்டரில் சாமானின் பிளக்கைச் செருக வேண்டும். கரண்ட் வந்தால் அதில் ஒரு பச்சைப் பொட்டு எரியும். பதினோரு சாமானுக்குப் பதினோரு மீட்டர்.

"வீட்டுல யாருக்கும் ஆட்சேபணை இல்லையேப்பா?" என்றான்.

"நம் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?" என்றேன்.

மீட்டர் சொல்வது சரியா என்று ஒப்பிட, யார் எதை எப்போது போட்டார்கள் என்று ஒரு நோட்டிலும் எழுதவேண்டுமாம். நான் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன். ஆயிரக்கணக்கான பஸ்கள் என் பேனாவைத் தாண்டித்தான் வெளியே போயின. நோட்டை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில்தான் எல்லோரும் சொல்லிவிட்டுப் போடுகிறார்களே. காது இருந்தால் போதும், எழுதிவிடலாம்.

முதல் சில நாட்கள் மகனின் போனில் அந்தக் கோடுகளைப் பார்ப்பதே ஒரு சுகமாக இருந்தது. ஃபிரிட்ஜின் கோடு தூங்குகிறவர் நெஞ்சுபோல ஏறி இறங்கியது. மிக்சி ஒரே கத்தல், பிறகு மௌனம். வாஷிங் மெஷின் கோபித்துக்கொண்டு புறப்பட்டு, பாதி வழியில் யோசித்து, மறுபடி புறப்படுகிறவர்போல. இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தும் இந்தச் சாமான்களை எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். டிவியைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட்டேன். ரிமோட்டில் அணைத்த பிறகும் அது நான்கு வாட் இழுத்துக்கொண்டே இருந்தது.

"இதுக்கு அரைத்தூக்கம்னு வெச்சுக்கங்க," என்றான் மகன். "கண்ணு மூடியிருக்கும், காது திறந்திருக்கும்."

"உங்க அண்ணனை மாதிரி," என்று என் மனைவி தம்பியிடம் சொன்னாள்.

நான் பகலில் தூங்குவதில்லை என்பது ஊரறிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் நேர்முதுகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி யோசிப்பேன். அவ்வளவுதான். சாய்வு நாற்காலியை இந்த வீட்டுக்குள் நான் விட்டதே இல்லை. என் சட்டைகள் எப்போதும் கசங்காமல் இருப்பதைப் பார்த்து, "நேராக உட்காருகிறவன் சட்டை கசங்காது" என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன்.

யோசிக்கும்போது எனக்கு ஓர் இடம் வரும். டிப்போதான், ஆனால் கூரை இருக்காது, சுவர் இருக்காது. கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. பஸ்கள் தூரத்தில் வரிசையாகக் காத்திருக்கும். சக்கரங்கள் தரையைத் தொடாமல் நிற்கும். கண்டக்டர்கள் விசில் ஊதினால் சத்தம் வராது, வெண்ணிற ஆவி வரும். அந்த வெளி முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். அதை யாராவது சமப்படுத்தினால்தான் பஸ் உள்ளே வர முடியும். என் கையில் ஒரு சின்னத் தோணி. கரையில் நின்று நான் ஏதோ சொல்வேன். அக்கரையிலிருந்து ஒரு குரல் பதில் சொல்லும். உடனே தோணி வெதுவெதுப்பாகிவிடும். அதைத் தள்ளத் தள்ளச் சுருக்கங்கள் அதன் மூக்குக்கு முன்னால் ஓடி மறையும். பிறகு பஸ்கள் ஒவ்வொன்றாக, ஒரு சத்தமும் இல்லாமல், அந்த வழவழப்பின் மேல் வந்து நிற்கும். எல்லாம் நேரத்துக்கு வரும். எழுதிக்கொள்ளக்கூடத் தேவையிருக்காது. கண்ணைத் திறந்தால் கூடம், நாற்காலி, மூன்றே கால் மணி.

இரண்டாவது வாரம் மகன் போனையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். நெற்றியைச் சொறிந்தான்.

"அப்பா, இஸ்திரிப் பெட்டி ஞாயிறு தவிர தினமும் மத்தியானம் ரெண்டு நாப்பத்தொண்ணுக்கு ஓடுது. பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம். உங்க நோட்டுல இல்லையே."

"மீட்டரில் கோளாறு."

"மாத்திப் பார்த்துட்டேன். புது மீட்டரும் அதையேதான் சொல்லுது. ரெண்டு நாப்பத்தொண்ணு, ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இல்லை. யாரா இருந்தாலும் கடிகாரத்தையே தோற்கடிச்சிடுவாங்க போல."

மனசுக்குள் அந்த நேரந்தவறாமைக்கு எனக்கு ஒரு மரியாதைகூட வந்தது. ஆனால் அதை மீறிக் கோபம் வந்தது. இந்த வீட்டில் ஒருவர் சொல்லாமல் சுவிட்ச் போடுகிறார். அதுவும் நான் கூடத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே. அதுவும் என் நோட்டுக்குத் தெரியாமல்.

அன்று மாலை எல்லோரையும் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டேன். மனைவி மத்தியானங்களில் தையல் பள்ளியில் பாடம் எடுக்கிறாள், நாலரைக்குத்தான் வருவாள். மகன் தொழிற்சாலையில். தம்பி ரேடியோ ரிப்பேர் கடையில். இரண்டு நாற்பத்தொன்றுக்கு வீட்டில் இருப்பது இரண்டே பேர். நானும், நடு அறையில் படுத்திருக்கும் மருமகளும். கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது.

"யார் என்று நான் கேட்கவில்லை," என்றேன். "செய்தவர் சொல்லட்டும்."

ஃபிரிட்ஜ் மட்டும் ஒருமுறை மூச்சு இழுத்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். கோபமோ பயமோ இல்லை. ஸ்டூலில் ஏறியிருக்கிறவரைக் கீழிருந்து பார்க்கிற பார்வை.

"நான்தான் மாமா," என்றாள்.

"தினமுமா?"

"தினமும்தான்."

"ஏன் சொல்லவில்லை?"

"சும்மா."

"சும்மாவா? மூன்று தலைமுறையாகச் சொல்லிவிட்டுப் போடுகிற வீடம்மா இது. சும்மா என்கிறவர்களுக்கு இங்கே இடம் இல்லை."

சொன்னது நான்தான். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். மகன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடினதுல என்னப்பா குடியா முழுகிப்போச்சு? இடம் இல்லைன்னா சொல்லுங்க, நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

"வேண்டாம், விடுங்க," என்று மருமகள் அவன் கையைப் பிடித்தாள். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. ஒரே மரத்துக் கட்டை இரண்டும். அந்த வாரமே தொழிற்சாலைப் பக்கம் இரண்டு அறை வீடு பேசி முடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வரும் என்றான்.

சமையலறையில் என் மனைவியிடம் மருமகள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"போறது ஒண்ணும் இல்லை அத்தை. மத்தியானம் யாரும் இருக்க மாட்டீங்க. அதான் யோசனையா இருக்கு."

"அவருக்கு என்ன, கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாரு," என்றாள் மனைவி.

பாத்திரம் கழுவும் சத்தம் தொடர்ந்தது.

சனிக்கிழமை புது வீட்டைப் பார்க்க எல்லோரும் கிளம்பினார்கள். அலமாரி நுழையுமா என்று அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு தம்பியும் போனான். என்னையும் கூப்பிட்டான்.

"வாங்கண்ணா, ஜன்னல் எந்தப் பக்கம்னு பார்த்துட்டு வரலாம்."

"ஜன்னல் எங்கே இருந்தால் எனக்கென்ன," என்றேன்.

உண்மையில் எனக்கு வேறு எண்ணம் இருந்தது. இன்று மருமகள் வீட்டில் இல்லை. இன்றும் இஸ்திரிப் பெட்டி ஓடினால் அவள் செய்யவில்லை, மீட்டர்தான் பொய் என்று ஆகிவிடும். அப்படி ஆகட்டும் என்று நான் விரும்பினேன். வாய் விட்டுச் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் விரும்பினேன். காவல் இருப்பதென்று முடிவு செய்து, நாற்காலியை, இஸ்திரி மேஜை இருக்கும் பின் அறையின் வாசல் தெரியும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. டிவிக்குப் பின்னால் ஒரு பச்சைப் பொட்டு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் ஒரு துணிபோலக் கிடந்தது. நான் கண்ணை மூடி யோசித்தேன்.

வெள்ளை வெளி வந்தது. பஸ்கள் தூரத்தில் நின்றன. தோணியைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் நின்று சொன்னேன். பதில் இல்லை. தோணி சில்லென்று இருந்தது. பஸ்கள் ஒவ்வொன்றாக முன்விளக்கைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தன. சுருக்கங்கள் மலைமலையாக அப்படியே கிடந்தன. நேரம் போகிறது, நேரம் போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் பதில் வராமல் தள்ளக் கூடாது. எப்படித் தள்ளுவது? அக்கரையில் யாருமே இல்லை. வெறும் வெண்மை. நான் காத்திருந்தேன். பிறகு குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னேன்.

"இஸ்திரி போடுறேன்!"

என் குரலே என்னை எழுப்பியது.

நான் நாற்காலியில் இல்லை. பின் அறையில், இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மேஜையில் என் வெள்ளைச் சட்டை விரிந்திருந்தது. தண்ணீர் தெளித்திருந்தது. கைகளை இரண்டு பக்கமும் அழகாகப் படுக்கவைத்திருந்தது. இஸ்திரிப் பெட்டி என் வலது கையில். இடது கை விரல் சுவிட்சின் மேல். பிளக்கைச் செருகியிருந்தேன், ஆனால் சுவிட்ச் போடவில்லை. மீட்டரில் பச்சைப் பொட்டு எரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி இரண்டு நிமிடம். இரண்டு நாற்பத்தொன்றிலிருந்து இருபத்தொரு நிமிடம் அப்படியே நின்றிருக்கிறேன். வளையாமல்தான் நின்றிருக்கிறேன், முதுகு அப்படிச் சொன்னது.

முப்பத்தொரு வருடம் நான் மத்தியான ஷிப்ட், ஞாயிறு மட்டும் விடுமுறை. வேலைக்குக் கிளம்பும் முன் என் சட்டைக்கு நானே இஸ்திரி போடுவேன். யாரிடமும் கொடுத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லாமல்தான் யோசிக்க உட்கார்ந்தேன்.

பிறகு அந்தக் குரலை நினைத்தேன். தினமும் அக்கரையிலிருந்து வந்த பதில். "ம்... போடுங்க." தொட்டிலில் போடச் சொல்வதுபோல. சொல்லாமல் போட்டவர் இந்த வீட்டில் யாரும் இல்லை. நான் தினமும் சொல்லியிருக்கிறேன். அவள் தினமும் பதில் சொல்லியிருக்கிறாள். அதை எழுதாமல் விட்டது என் நோட்டு ஒன்றுதான்.

சட்டையை எடுத்து, ஈரத்தோடு கொடியில் போட்டேன். நாற்காலிக்குத் திரும்பினேன்.

மாலையில் அவர்கள் வந்தார்கள். மகன் செருப்பைக் கழற்றும்போதே போனைப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது.

"இன்னிக்கு இஸ்திரி ஓடலை," என்றான். "கோடு படுத்தே கிடக்கு. பூஜ்யம்."

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். மருமகள் என்னைப் பார்த்தாள். முதலில் என் முகத்தை, பிறகு அவசரமாக என் கைகளை. எங்காவது சுட்டிருக்கிறதா என்று தேடுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

"அதான் நான்தான்னு சொன்னேனே," என்றாள், பார்த்து முடித்துவிட்டு. "காலை அலம்பிட்டு வாங்க, பெட்டி கட்டணும்."

நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை: அன்று மாலை நான் வாயைத் திறக்கவில்லை. மீட்டர் என் பக்கம் சாட்சி சொல்லியிருந்தது. மகனே வாசித்துக் காட்டிய சாட்சி. பொத்திக்கொண்டு இருந்தால் என் நோட்டும் காப்பாற்றப்படும், என் பேரும் காப்பாற்றப்படும். காலையில் வேன் போய்விடும். அவ்வளவுதான் வேலை. பெட்டிகளில் ஒட்டுத்தாள் ஒட்டும் சத்தம் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் என் முதுகில் ஏதோ உரிவதுபோல இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு வேன் வந்தது. மகன் முதல் பெட்டியைத் தூக்கினான்.

"அதைக் கீழே வை," என்றேன். "எல்லோரும் கூடத்துக்கு வாருங்கள்."

வந்தார்கள். நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது.

"நான் பகலில் தூங்குகிறேன்," என்றேன்.

தம்பி, "இதைச் சொல்லவா வேனை நிறுத்தினீங்க? ஞாயித்துக்கிழமையானா உங்க குறட்டை மாடி வரைக்கும் வருதேண்ணா," என்றான்.

"வாயை மூடு. இன்னும் முடிக்கவில்லை. இஸ்திரி போட்டது நான். தூக்கத்தில் எழுந்து போய்ப் போட்டிருக்கிறேன். நேற்று வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை; அதனால் போடவில்லை. மீட்டர் காட்டிய பூஜ்யத்துக்கு அதுதான் காரணம். இந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

மகன் என்னைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

மருமகள் அழவில்லை. வெகுநேரம் தலையில் வைத்திருந்ததை இறக்கிவைத்தவள்போல மூச்சு விட்டாள்.

"முதல் நாள் மாமா 'இஸ்திரி போடுறேன்'னாரு. நானும் அரைத்தூக்கத்துல 'போடுங்க'ன்னுட்டேன். அப்புறம் எழுந்து வந்து பார்த்தா, கண்ணு மூடியிருக்கு, கை மட்டும் ஓடுது. பயந்துட்டேன். ஈரத்துணியை வெச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னேன். அன்னிலேர்ந்து தினமும் நிப்பேன். முடிஞ்சதும் அவரே அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு, சட்டையை மாட்டிட்டு, போய் உட்கார்ந்துடுவாரு."

"எழுப்ப வேண்டியதுதானே அம்மா?" என்றேன்.

"எழுப்பினா நீங்க தூங்கினதா ஆயிடுமே மாமா." பிறகு சற்றே சிரித்தாள். "காலர் அவ்வளவு நேர்த்தியா வருது. முழிச்சிருந்தாகூட எனக்கு அப்படி வராது."

"ஆக, நேரா உட்கார்றதால சட்டை கசங்காம இருக்கலை," என்றாள் என் மனைவி. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது குறைவு.

மகன் வெளியே போய் டிரைவரிடம் ஏதோ பேசினான். இன்ஜின் சத்தம் தெரு முனை வரை போய்த் தேய்ந்தது. திரும்பி வந்து பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தான். அதே சத்தம்தான், ஆனால் இந்தத் தடவை வலிக்கவில்லை.

அன்று நான் நோட்டைத் திருத்தினேன். விட்டுப்போன ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு மையில் எழுதினேன்: '2.41, இஸ்திரிப் பெட்டி, நான். பதில் சொன்னவர், மருமகள்.' சனிக்கிழமைக்கு: '2.41, சொன்னேன். பதில் இல்லை. போடவில்லை.' கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டுதான் மகனின் சோதனைக்கூடத்துக்குப் போனது.

இப்போதும் மத்தியானம் நாற்காலியில் உட்காருகிறேன். தூங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டே உட்காருகிறேன். நடு அறையிலிருந்து, "ம்... தூங்குங்க" என்று பதில் வரும். சில நாள் பஸ்கள் வருகின்றன, சில நாள் வருவதில்லை. வந்த நாட்களில் பின் அறையில் ஒரு சட்டை மாட்டியிருக்கும், காலர் நிமிர்ந்து.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். திருத்தலாம். மருமகளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று பல் டாக்டர் சொல்கிறார். தவறு. வேன் காலியாகத்தான் போனது. மீட்டர் பெரியவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது என்றும் சொல்கிறார். அதுவும் தவறு. மீட்டரில் அன்று இருந்தது பூஜ்யம். சொன்னது நான்.